ஸ்க்ரோல் சாவில் வரும் பிழைகள்: அறிகுறியைக் கொண்டு காரணம் காணும் வழிமுறை

சென்னை பெரம்பூரில் எங்கள் அடுக்ககத்தின் மொட்டைமாடிக் கொட்டகையில், மெல்லிய பிளேடு விரைந்து ஏறி இறங்கி வளைவுகளை அறுக்கும் மின்வாளான ஸ்க்ரோல் சா ஒன்றை வைத்துக்கொண்டு, ஓய்வு நேரங்களில் பெயர்ப்பலகை, கொலுப் படிக்கு அலங்கார ஓரம், பூஜை மாடத்துக்குத் துளைவேலைக் கதவு ஆகியவற்றை அறுத்துவருகிறேன். தொடங்கிய முதல் ஆண்டில் எது கெட்டாலும் எந்திரத்தையே சந்தேகித்தேன். திருகுகளைக் கழற்றினேன், தேவையில்லாத இடங்களில் எல்லாம் எண்ணெய் விட்டேன், விற்ற கடைக்காரரிடம் போய் வாதாடவும் செய்தேன். அந்த எந்திரம் இன்றும் அப்படியேதான் ஓடுகிறது. மாறியிருப்பது நான் சந்தேகிக்கும் வரிசைதான். முதலில் பிளேடு, அடுத்துப் பலகை, அதன்பின் என் கை, கடைசியில் எந்திரம் என்ற அந்த வரிசையிலேயே கீழே உள்ள ஒவ்வோர் அறிகுறியையும் பார்த்திருக்கிறேன். எந்திரம் ஒன்றே குற்றவாளியாக இருக்கும் சில இடங்களும் உண்டு. அவற்றை அங்கங்கே குறிப்பிடுகிறேன்.

சோதனையைத் தொடங்குவதற்கு முன் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, ஏனென்றால் காலால் மிதிக்கும் சுவிட்ச் பொருத்தியவர்கள் பிளேடைக் கழற்றும்போது அறியாமல் அதை மிதித்துவிடுவது உண்டு.

பிளேடைப் பற்றிச் சில அடிப்படைகள் தெரிந்திருந்தால் மற்றவை எளிதாகப் புரியும். ஸ்க்ரோல் சா பிளேடின் நீளம் 5 அங்குலம், அதாவது 127 மி.மீ. இரு முனைகளிலும் குறுக்கே சிறு ஊசி பதித்த பிளேடு ஒரு வகை. ஊசி இல்லாத மொட்டை முனைப் பிளேடு மற்றொரு வகை. பலகையின் நடுவில் வெட்டத் தொடங்கத் துளையிட்டுத்தான் பிளேடை நுழைக்க வேண்டும். ஊசி உள்ளதற்கு 5 அல்லது 6 மி.மீ. துளை தேவைப்படும் என்பதால் நுண்ணிய துளைவேலைக்கு அது உதவாது. மொட்டை முனையுள்ள மெல்லிய பிளேடோ ஒன்றரை மி.மீ. துளையிலேயே நுழைந்துவிடும். பிளேடின் அளவைக் குறிக்கும் எண் கூடக்கூடப் பிளேடு தடித்து, பல் பெரிதாகும். எண் 2 பிளேடில் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 20 பற்களும், எண் 5 பிளேடில் சுமார் 12 பற்களும் இருக்கும். இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

பிளேடு அடிக்கடி அறுந்துபோகிறது

அறுந்த இரண்டு துண்டுகளையும் எறிந்துவிடாமல் மேசைமேல் சேர்த்து வைத்து, எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று பாருங்கள். மரத்துக்குள் ஓடும் நடுப்பகுதியில் அறுந்திருந்தால், பெரும்பாலும் நீங்கள் பலகையை அழுத்தித் தள்ளியிருக்கிறீர்கள்; அல்லது பல் மழுங்கிய பிறகும் அதையே ஓட்டியிருக்கிறீர்கள். இவை இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பவை: பல் மழுங்கினால் வெட்டு மெதுவாகும், மெதுவாகிறதே என்று கை தானாக அழுத்தும், அழுத்திய பிளேடு பின்பக்கம் வில்லாக வளைந்து சூடேறி அறும். எங்கள் தெருவில் நாற்பது ஆண்டு தச்சு வேலை பார்த்த ஆசாரி ஒருவர் நான் அறுப்பதைச் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "மரத்த வாள்தான் தின்னணும் சார், நீங்க ஊட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அதற்கு முன் ஸ்க்ரோல் சாவைப் பார்த்ததே இல்லை.

தேக்கு, ஈட்டி போன்ற மரங்களில் கால் மணி முதல் அரை மணி நேரம் வெட்டிய பிளேடு தன் கடமையை முடித்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். தேக்கில் இயற்கையாகவே மணற்சத்தான சிலிக்கா இருப்பதால் அது பல்லை விரைவில் தேய்க்கும். வைரம் பாயாத மென்மரத்தில் இன்னும் சிறிது நேரம் உழைக்கும். ஒரு டஜன் பிளேடை ஒரு மாதத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டும் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்தப் பொழுதுபோக்கு எரிச்சலையே தரும். அவர்கள் மிச்சப்படுத்தும் பிளேடின் விலையைவிடக் கெட்டுப்போகும் தேக்குப் பலகையின் விலை அதிகம்.

பிளேடின் முனையைப் பிடித்திருக்கும் கவ்விக்கு ஒட்டினாற்போல், மேல் முனையிலோ கீழ் முனையிலோ அறுந்திருந்தால் காரணம் வேறு. பிளேடு கவ்வியில் சாய்வாகப் பிடிபட்டிருக்கலாம். திருகைக் குறடு வைத்து அளவுக்கு மீறி முறுக்கியதால் அந்த இடத்தில் மடிப்பு விழுந்திருக்கலாம். பிளேடை இரு கவ்விகளிலும் ஒரே நேர்கோட்டில் வைத்து, கையால் முறுக்கும் அளவுக்கு மட்டும் இறுக்க வேண்டும்.

இழுவிசை மூன்றாவது காரணம். பிளேடை மாட்டி இறுக்கிய பிறகு விரல் நகத்தால் மீட்டிப் பாருங்கள். தந்தியை மீட்டியதுபோல் தெளிந்த, உயர்ந்த ஒலி வர வேண்டும். 'தொப்'பென்று மந்தமாக ஒலித்தால் தளர்வு. ஒலியை நம்பாதவர்கள் பிளேடின் நடுவில் விரலை வைத்துப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளிப் பார்க்கலாம். ஒரு நூலுக்கு மேல், அதாவது 3 மி.மீ.க்கு மேல் விலகக் கூடாது. அனுபவமில்லாதவர்கள் அதிக இழுவிசைக்கு அஞ்சித் தளர்வாகவே வைக்கிறார்கள். தளர்ந்த பிளேடுதான் வளைந்து வளைந்து களைத்து அறுகிறது. வேலை முடிந்ததும் இழுவிசையைத் தளர்த்திவிட்டுப் போவது பிளேடுக்கும், அதை ஏற்றி இறக்கும் எந்திரத்தின் புயங்களுக்கும் நல்லது.

புதுப் பிளேடே மாட்டிய சில நொடிகளில் அறுந்தால் துருவைத் தேடுங்கள். கடற்காற்று வீசும் ஊரில் காகித உறையில் வைத்த பிளேடுகள் ஒரு மழைக்காலத்திலேயே பழுப்பேறிவிடுகின்றன. மூடியுள்ள பிளாஸ்டிக் குழாயில், மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு சேர்த்து வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

பிளேடு கவ்வியிலிருந்து நழுவிவிடுகிறது

புதுப் பிளேடுகளின் மேல் துருப் பிடிக்காமலிருக்க எண்ணெய் பூசியிருப்பார்கள். இரு முனைகளையும் தின்னர் நனைத்த துணியால் துடைத்து, நுண்ணிய உப்புத்தாளால் ஒருமுறை தேய்த்து மாட்டினால் பெரும்பாலும் நின்றுவிடும். அப்படியும் நழுவினால் கவ்வியைக் கழற்றி உள்ளே பாருங்கள். மரத்தூள் பிசினோடு கலந்து படிந்திருக்கும், அல்லது திருகின் முனை தேய்ந்து கண்ணாடிபோல் வழுவழுப்பாகியிருக்கும். அந்த முனையையும் உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கலாம். தேய்மானம் மிகுந்துவிட்டால் திருகை மாற்றுவதுதான் வழி. பாரிமுனை லிங்கிச் செட்டித் தெருவுக்குப் பழைய திருகைக் கையோடு கொண்டுபோனால் மரையைப் பொருத்திப் பார்த்து வாங்க முடியும்.

வெட்டு எப்போதும் ஒரே பக்கமாக, பெரும்பாலும் வலப்பக்கம், விலகுகிறது

இதைப் பிழை என்று எண்ணி எந்திரத்தைத் திருப்பிக் கொடுத்தவர்களை அறிவேன். உண்மையில் இது பிளேடின் இயல்பு. சாதாரண பிளேடுகளில் பல் வெட்டப்படும்போது ஒரு பக்க விளிம்பில் மட்டும் உலோகப் பிசிறு தங்கிவிடுகிறது. அந்தப் பக்கம் மறுபக்கத்தைவிடக் கூர்மையாக இருப்பதால் பிளேடு அந்தப் பக்கமே மரத்தைத் தின்றுகொண்டு போகிறது. அதனால்தான் மேசை ரம்பத்தில் வைப்பதுபோல் பக்கச்சட்டம் ஒன்றை வைத்து அதையொட்டி நேராகத் தள்ளும் முறை ஸ்க்ரோல் சாவில் பலிப்பதில்லை.

ஒரு கழிவுப் பலகையில் நேர்கோடு ஒன்றைப் போட்டு, பலகை எந்தச் சாய்வில் செல்ல விரும்புகிறதோ அந்தச் சாய்வில் விட்டு வெட்டிப் பாருங்கள். வலப்பக்கம் இழுக்கும் பிளேடானால், பலகையின் உங்கள் பக்கத்து முனையைச் சில பாகை வலப்புறம் ஒதுக்கி வைத்து, சற்றே இடப்புறம் சாய்ந்த போக்கில் செலுத்தினால் வெட்டு கோட்டின் மேலேயே வரும். இரண்டு நாளில் கை இதைப் பழகிக்கொள்ளும். இயல்பான விலகல் வேலை முழுவதும் ஒரே அளவில் இருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். இத்தனை நேரம் வலப்பக்கம் சென்றது திடீரென்று இடப்பக்கம் போனாலோ, கடினமான மர ரேகையைக் கண்டதும் அதன் போக்கிலேயே ஓடினாலோ, அது மழுங்கலின் அல்லது தளர்ந்த இழுவிசையின் அடையாளம்.

மேலே வட்டமாக இருக்கிறது, அடியில் முட்டை வடிவமாகிறது

இரண்டு வேறுபட்ட காரணங்கள் இதே அறிகுறியைக் காட்டுவதால், இந்தப் பிழை மிகுந்த நேரத்தை விழுங்கும். மேசை பிளேடுக்குச் செங்குத்தாக இல்லாதிருக்கலாம். அல்லது மேசை சரியாகவே இருந்து, வெட்டும்போது மட்டும் பிளேடு வளைந்துகொடுக்கலாம்.

முதலாவதைச் சோதிக்க மேசையின் அடியில் அச்சிட்டிருக்கும் பாகைக் கோட்டை நம்ப வேண்டாம். சிறிய மூலைமட்டத்தை மேசையில் நிறுத்திப் பிளேடோடு ஒட்டிப் பார்ப்பது ஓரளவு உதவும். அதைவிடத் துல்லியமான முறை ஒன்று உண்டு. ஒன்றரை அங்குலம் தடிப்புள்ள மரக்கட்டை ஒன்றை எடுத்து, அதன் ஒரு முகத்தில் ஒரு நூல் ஆழத்துக்கு மட்டும் வெட்டி எந்திரத்தை நிறுத்துங்கள். பிறகு கட்டையைக் கவிழ்க்காமல், மேசைமேல் வைத்தபடியே பிளேடின் பின்பக்கத்துக்குச் சுற்றிக் கொண்டுபோய், அந்த வெட்டைப் பிளேடின் முதுகில் நுழைத்துப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை தடையின்றி நுழைந்தால் மேசை செங்குத்தாக இருக்கிறது. மேலே நுழைந்து அடியில் இடித்தால், அல்லது மாறாக இருந்தால், மேசை சாய்ந்திருக்கிறது. கட்டையைச் சுற்றித் திருப்பியதால் சாய்வு இரு மடங்காகத் தெரியும். ஆகவே கண்ணுக்கு எட்டாத அரைப் பாகைப் பிழையும் இதில் அகப்பட்டுவிடும்.

இந்தச் சோதனையில் தேறிய பிறகும் வளைவுகளில் அடிப்பக்கம் ஒத்துவரவில்லை என்றால், பிளேடு பக்கவாட்டில் வளைகிறது. வளைவைத் திருப்பும்போது பலகையைச் சுழற்றுவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் நெட்டித் தள்ளுவது இதற்கு முதல் காரணம். முக்கால் அங்குலப் பலகையை எண் 2 பிளேடால் அறுக்க முயல்வது இரண்டாவது; அந்தத் தடிப்புக்கு எண் 7 அல்லது 9 வேண்டும். நான்கைந்து மெல்லிய தகடுகளை அடுக்கி ஒரே வெட்டில் பல உருவங்கள் எடுப்பவர்கள் மொத்தத் தடிப்பைத்தான் கணக்கிட வேண்டும். அடுக்கின் மேல்தகட்டு மயிலும் அடித்தகட்டு மயிலும் அண்ணன் தம்பிபோல் இருந்தால் போதாது.

பிளேடைக் கழற்றிவிட்டு மேல் புயத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். தெளிவாக ஆடினால் புயத்தின் பேரிங் அல்லது புஷ் தேய்ந்திருக்கிறது. எந்திரத்தைக் குறைசொல்ல உரிமையுள்ள இடங்களில் இது ஒன்று.

அடிப்பக்கம் சிராய் சிராயாகப் பெயர்கிறது

பிளேடின் பற்கள் கீழ்நோக்கி வெட்டுபவை; ஆகவே வெளியேறும் பக்கத்தில், குறிப்பாக ப்ளைவுட்டின் மேற்படலம் மெல்லியதாக இருக்கும்போது, நார் பெயர்ந்துவிடும். இதற்கென்றே கீழ் முனையில் சில பற்கள் மட்டும் மேல்நோக்கித் திரும்பிய பிளேடுகள் வருகின்றன. அவற்றை மாட்டியும் சிராய் குறையவில்லை என்று சிலர் சொல்வார்கள். அந்தத் தலைகீழ்ப் பற்கள் மேசைமட்டத்துக்கு மேல் எட்டவே எட்டாத நிலையில் மாட்டியிருப்பதே அதற்குக் காரணம். பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் புயத்தைக் கையால் அதன் உச்சநிலைக்கு உயர்த்தி, மேசைக்கு மேலே இரண்டு மூன்று தலைகீழ்ப் பற்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரியவில்லையானால் கீழ்க் கவ்வியில் பிளேடைச் சற்று உயர்த்திப் பிடியுங்கள்.

மேசையின் நடுத்துளை அகலமாக இருப்பதும் சிராய்க்குக் காரணமாகும். பழைய விசிட்டிங் கார்டு ஒன்றில் ஊசித்துளை இட்டுப் பிளேடை அதன் வழியே விட்டு, கார்டை மேசையில் ஒட்டிவிட்டால், வெட்டின் இரு ஓரமும் அடியில் தாங்கப்படும். பலகையின் அடியில் மாஸ்கிங் டேப் ஒட்டுவதும் பயன் தரும்.

வெட்டு விளிம்பு கருகுகிறது

புகை வாசனை வந்தால் முதலில் பிளேடை மாற்றுங்கள். புதுப் பிளேடிலும் கருகினால் வேகத்தைக் குறையுங்கள். நிமிடத்துக்கு 1,600 முறைவரை ஏறி இறங்கக்கூடிய எந்திரத்தை எப்போதும் அந்த வேகத்திலேயே ஓட்ட வேண்டும் என்பதில்லை. நுண்பல் பிளேடைத் தடித்த மரத்தில் ஓட்டினால் பல்லிடுக்கில் தூள் அடைத்துக்கொண்டு வெளியேற வழியின்றி உரசிச் சூடேறும். இதற்கு இடைவெளி விட்ட பெரிய பல் வேண்டும். கூர்முனைகளில் நின்று யோசிப்பதும் கருகலை உண்டாக்கும்.

எளிய தீர்வு ஒன்று: பலகையில் ஒட்டியிருக்கும் வரைபடத் தாளின் மேல் பெட்டிகளுக்கு ஒட்டும் பளபளப்பான பேக்கிங் டேப்பை ஒட்டி, அதன் மேலேயே அறுங்கள். அந்த டேப் பிளேடுக்கு வழுக்கலைத் தருவதால் கருகல் வெகுவாகக் குறையும்.

பலகை துள்ளுகிறது, தடதடவென்று அடிக்கிறது

கூச்சப்படாமல் முதலில் பார்க்க வேண்டியது பிளேடு தலைகீழாக மாட்டப்பட்டிருக்கிறதா என்பதை. மெல்லிய பிளேடில் பல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பல் பக்கத்தில் விரல் நுனியை மிக லேசாக வைத்துக் கீழிருந்து மேலே நகர்த்தினால் தோலில் பிடிக்க வேண்டும், மேலிருந்து கீழே வந்தால் வழுக்க வேண்டும். மாறாக இருந்தால் கழற்றித் திருப்பி மாட்டுங்கள். எனக்கு இது இரண்டு முறை நடந்திருக்கிறது. இரண்டாம் முறை ஒரு மாலை முழுவதும் மோட்டாரைக் குறைசொல்லிவிட்டுத்தான் கண்டுபிடித்தேன்.

அடுத்தது பற்களின் கணக்கு. பலகையின் தடிப்புக்குள் எந்த நேரத்திலும் குறைந்தது இரண்டு பற்களாவது இருக்க வேண்டும். 3 மி.மீ. தகட்டை எண் 5 பிளேடால் அறுத்தால், அங்குலத்துக்கு 12 பல் என்ற கணக்கில், தகட்டுக்குள் ஒன்றரைப் பல்தான் நிற்கும். ஒவ்வொரு பல்லும் தகட்டைக் கொக்கிபோல் மாட்டித் தூக்கும். எண் 2 பிளேடானால் இரண்டுக்கு மேல் இருக்கும்; துள்ளல் நிற்கும். அல்லது அந்தத் தகட்டின் அடியில் மலிவான ப்ளைவுட் துண்டு ஒன்றைச் சேர்த்து ஒட்டித் தடிப்பைக் கூட்டலாம்.

பலகை மேசையில் படியாமல் வளைந்திருந்தாலும் துள்ளும். குழிந்த பக்கம் கீழே இருக்குமாறு வைத்தால் ஓரங்களாவது மேசையைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

எந்திரம் முழுவதுமே அதிர்ந்தால் அது நிற்கும் இடத்தைப் பாருங்கள். பிளாஸ்டிக் ஸ்டூலின் மேலோ ஆடும் மேசையின் மேலோ வைத்த எந்திரம் அதிரத்தான் செய்யும். கனமான மேசையில் போல்ட் போட்டு முடுக்கி, இடையில் ரப்பர் விரிப்பு ஒன்றைக் கொடுத்தால், கீழ்வீட்டுக்காரர்கள் மதியத் தூக்கத்தையும் நீங்கள் அவர்களின் நட்பையும் இழக்காமல் இருக்கலாம். ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்வு மிகுந்தால், அந்த வேகத்தைத் தவிர்த்துச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ ஓட்டினாலே போதும்.

பெயர்ப்பலகையில் சுழியும் புள்ளியும் கழன்று விழுகின்றன

தமிழ் எழுத்தை அறுப்பவர்களுக்கே உரிய இந்தப் பிழைக்கு ஆங்கிலப் பெயர்ப்பலகைகளுக்கான வழிமுறைகள் விடை சொல்வதில்லை. பிழை பிளேடிலும் எந்திரத்திலும் இல்லை, வரைபடத்திலேயே இருக்கிறது.

பலகையில் எழுத்தின் உருவத்தையே வெட்டி எடுத்துத் துளையாக விடுகிறீர்கள் என்றால், மூன்று சுழி ண, இரண்டு சுழி ன, கொம்புகள் ஆகியவற்றின் சுழிக்குள் இருக்கும் மரம் எதனோடும் ஒட்டாத தீவாகி விழுந்துவிடும். ஒவ்வொரு சுழியிலும் உள் தீவை வெளிப் பலகையோடு சேர்க்கும் பாலம் ஒன்றை வரைபடத்திலேயே போட்டுக்கொள்ள வேண்டும். 6 மி.மீ. ப்ளைவுட்டில் 3 மி.மீ.க்குக் குறைந்த பாலம் உப்புத்தாள் படும்போதே உடைந்துவிடும்.

எழுத்தைத் துளையாக விடாமல், எழுத்தையே உருவமாக அறுத்தெடுக்கிறீர்கள் என்றால் தொல்லை வேறு வடிவில் வரும். இந்தி எழுத்துகளுக்கு மேலே ஓடும் கோடு ஒரு சொல்லின் எழுத்துகளை எல்லாம் தானே கோத்துப் பிடித்துக்கொள்ளும். தமிழ் எழுத்துகளோ தனித்தனியே நிற்பவை. கொம்பும் காலும் கூட உயிர்மெய்யின் உடலைத் தொடாமல் தள்ளியே நிற்கும். 'இல்லம்' என்ற சொல்லை அறுத்தால் நான்கு எழுத்தும் இரண்டு புள்ளியுமாக ஆறு துண்டுகள் கையில் வரும். பின்பலகையில் ஒட்டப்போவதானால் அதில் தவறில்லை. ஒரே துண்டாக நிற்க வேண்டுமானால் எழுத்துகளை ஒரு நூல் அளவுக்கு ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி வரைய வேண்டும், அல்லது அடியில் ஒரு பட்டையைக் கொடுத்து எல்லாவற்றையும் அதன்மேல் நிறுத்த வேண்டும். எனக்கு அடிப்பட்டையே பிடிக்கும். ஏற்றி வரைந்த எழுத்துகள் தூரத்திலிருந்து படிக்கும்போது குழம்பிவிடுகின்றன.

புள்ளிக்கு இரண்டு வழிகள் உண்டு. புள்ளியைக் கீழே இறக்கி எழுத்தின் தலையைத் தொடுமாறு வரையலாம். அல்லது 6 மி.மீ. உருண்டைக் குச்சியிலிருந்து வட்டத் துண்டு நறுக்கி, சிறு பித்தளை ஆணி ஒன்றால் எழுத்தின் தலையில் நிறுத்தலாம். இரண்டாவது நேரம் பிடிக்கும். ஆனால் புள்ளி காற்றில் நிற்பதுபோன்ற அழகு அதில்தான் உண்டு. எதையும் செய்யாமல் புள்ளியை விட்டுவிடுவதை மட்டும் ஏற்க முடியாது. வாசலில் 'இலலம' என்று மாட்டிவைத்த வீடு ஒன்றை எங்கள் பகுதியிலேயே பார்த்திருக்கிறேன்.

பாலங்கள் இருந்தும் உடைகின்றன என்றால் மர ரேகையைப் பாருங்கள். திண்ணிய பலகையில் ரேகைக்குக் குறுக்கே நிற்கும் மெல்லிய பாலம் பிஸ்கட்போல் ஒடியும். வரைபடத்தைத் திருப்பி ஒட்டி, மெலிந்த பாகங்கள் ரேகையின் நீளவாட்டில் வருமாறு செய்யுங்கள். எல்லாத் திசையிலும் மெலிந்த கோல வடிவங்களுக்கு ப்ளைவுட்டே ஏற்றது. வெட்டும் வரிசையும் முக்கியம். நடுவிலுள்ள சிறு துளைகளை முதலில் வெட்டி, வெளிநோக்கி வந்து, சுற்றுவிளிம்பைக் கடைசியில் வெட்ட வேண்டும். முதலிலேயே வெளிவிளிம்பை வெட்டிவிட்டால், பிறகு நுண்வேலை செய்யும்போது பிடித்துக்கொள்ளப் பலகையே இருக்காது.

வரைபடத் தாள் பாதியில் உரிகிறது, அல்லது வேலை முடிந்தும் உரிய மறுக்கிறது

மே மாத வெயிலில் பசைக் குச்சி காய்ந்து உரிவதும், ஐப்பசி ஈரத்தில் காயாமல் வழுக்குவதும் நம் ஊரில் இயல்பே. முதலில் பலகையைத் தூசியறத் துடைத்து முழுவதும் மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் தாளை ஒட்டினால் இரண்டு தொல்லையும் தீரும். வேலை முடிந்ததும் டேப்பை உரித்தால் தாளும் சேர்ந்து வந்துவிடும். ஸ்ப்ரே பசையால் மரத்திலேயே நேராக ஒட்டி மாட்டிக்கொண்டவர்கள் தாளின் மேல் டர்பன்டைன் தடவிச் சில நிமிடம் விட்டால் பசை இளகும்.

வெட்டும்போது கோடு தூளில் மறைந்தால், தூள் ஊதும் சிறு குழாய் வெடித்திருக்கும். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் தொட்டிக் காற்றுப் பம்பு ஒன்றைப் புதுக் குழாயோடு இணைத்தால், அது எந்திரத்தோடு வந்த ஊதுகுழலைவிட நன்றாகவே வேலை செய்கிறது. ஊதிய தூள் உங்கள் மூச்சுக்குள்தான் வரும் என்பதால் என்-95 முகக்கவசம் கட்டாயம் வேண்டும். மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே சேர்த்துவிட்டது.

ப்ளைவுட்டுக்குள் ஓட்டை தெரிகிறது, பலகை வளைந்துபோகிறது

வெட்டிய விளிம்பில் உள்ளீடற்ற குழி தெரிந்தால் அது ப்ளைவுட்டின் உட்படலங்கள் சரியாகச் சேராத மலிவுச் சரக்கு. சென்னையின் சூளைப் பகுதியிலும் சைடன்ஹாம்ஸ் சாலையிலும் வாங்கும்போது, சாதாரண ப்ளைவுட்டுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 303 அல்லது ஈரம் தாங்கும் மரைன் வகைக்கான ஐ.எஸ். 710 முத்திரையைக் கேட்டு, பலகையின் நான்கு ஓரங்களையும் பார்த்து வாங்குங்கள். மரைன் ப்ளையின் ஃபீனால் பிசின் பிளேடைச் சற்று விரைவாகத் தேய்க்கும். வாசற்புறப் பெயர்ப்பலகைக்கு அந்த இழப்பு தகும். பார்சல் பெட்டிப் பைன் பலகை இலவசமாகக் கிடைக்கிறது என்று எடுப்பவர்கள் முதலில் காந்தத்தை ஓட்டி ஆணியைத் தேட வேண்டும்.

திண்ணிய பலகை வளைவது ஈரத்தின் வேலை. வாங்கிய பலகையை உடனே அறுக்காமல், இடையிடையே ஒரே தடிப்புக் குச்சிகள் கொடுத்துச் சமதளமாக அடுக்கி இரண்டு வாரமாவது உங்கள் வீட்டுக் காற்றுக்குப் பழக விடுங்கள். வெட்டிய பிறகு முன்பக்கத்துக்கு மட்டும் வார்னிஷ் அடித்துப் பின்பக்கத்தை வெறுமையாக விட்டால், ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்துப் பலகை கட்டாயம் வளையும். இரு பக்கமும் ஒரே அளவு பூச வேண்டும்.

மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை

பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் புயத்தைக் கையால் ஏற்றி இறக்கிப் பாருங்கள். இறுகி நின்றால் தடை எந்திரப் பகுதியில் இருக்கிறது. எளிதாக நகர்ந்தால், மோட்டாரைச் சுற்றத் தொடக்கிவிடும் கெபாசிட்டரைச் சந்தேகிக்கலாம், அதை மின்பணியாளரிடம் விட்டுவிடுவதே நல்லது. கார்பன் பிரஷ் உள்ள மோட்டார் பொறி பறக்க விட்டுவிட்டு ஓடினால் பிரஷ் தேய்ந்திருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் கொண்டுவந்து தரும் எந்திரத்துக்கு மட்டும் தனி எச்சரிக்கை. அது 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்யப்பட்டது. நம்முடைய 230 வோல்ட்டில் நேராக மாட்டினால் மோட்டார் கருகிவிடும். மின்னழுத்தம் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் 50 ஹெர்ட்ஸ் மாறாது. ஆகவே பிரஷ் இல்லாத இண்டக்‌ஷன் மோட்டாரானால் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில், கூடுதல் சூட்டோடு ஓடும். பிரஷ் மோட்டாருக்கு இந்த ஹெர்ட்ஸ் தொல்லை இல்லை.

பாலிஷ் போட்டதும் வெண்படலம் பூக்கிறது

இது கார்த்திகை மாதப் பிழை. அரக்கு பாலிஷும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லாக்கரும் ஆவியாகும்போது மேற்பரப்பு சட்டென்று குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால் அந்த வெண்மை படிகிறது. அதன் மேலேயே மறுபூச்சு அடித்து மறைக்க முயன்றால் வெண்மை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். லாக்கரானால் மெதுவாக உலரச் செய்யும் ரிடார்டர் தின்னரைச் சிறிது கலந்து மெல்லிய பூச்சாக ஒருமுறை அடித்தால் பெரும்பாலும் தெளியும். அரக்கானால் ஸ்பிரிட் தொட்ட துணியால் மேலோட்டமாக ஒருமுறை ஒற்றி எடுத்தால் தெளியும். அவசரமில்லாத வேலையானால் பலகையைத் துணியில் சுற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டு, மழை விட்டு இரண்டு நாள் நல்ல வெயில் காய்ந்த பிறகு, முற்பகல் பதினொரு மணிவாக்கில் எடுத்துப் பூசுகிறேன்.